தோளில் கிடந்த துண்டு

என் பாட்டனாருக்குக் காவிரிக் கரையில் இரண்டு வேலி நிலம் இருந்தது. காலையில் அவர் திண்ணையில் அமர்ந்திருக்கும்போது வயது முதிர்ந்த பண்ணையாள் ஒருவர் வருவார். வாசலை நெருங்கியதும் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். சிறுவனாகிய எனக்கு அது சூரியோதயம் போல் இயல்பாகவே தோன்றியது.

திறந்த மார்பு நம் முன்னோர்க்கு இழிவன்று. 1010 ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோவிலின் சோழர் கால ஓவியங்களில் ஆடவர் பலருக்கு மேற்சட்டை இல்லை. பின்னர் மராட்டியர் அரண்மனையில் தைத்த அங்கியும் தலைப்பாகையும் விளங்கின. வயல்வெளியிலோ வேட்டியும் துண்டுமே வழங்கின. நம் வெயிலுக்கு அதுவே ஏற்றது. யார் முன்னிலையில் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவேண்டும் என்று விதித்ததில்தான் இழிவு இருந்தது. நாதசுரக் கலைஞர்களுக்குங்கூட அக்கட்டுப்பாடு இருந்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ஷெர்வானி அணிந்து வாசித்தது வெறும் அலங்காரமன்று.

நம் குருக்களும் உடையின் வல்லமையை அறிந்திருந்தனர். 1606 இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் சந்நியாசியின் காவியை உடுத்தினார். ஆனால் அக்கோலத்தில் தாழ்த்தப்பட்ட மக்களோடு தாராளமாய்ப் பழக இயலவில்லை. ஆகவே பின்வந்தோர் சிலர் எல்லா வகுப்பாரையும் அணுகக்கூடிய பண்டாரசுவாமிகளின் கோலத்தை ஏற்றனர். 1693 இல் ஓரியூரில் வேதசாட்சியான புனித அருளானந்தர் அவர்களுள் ஒருவர்.

அப்புனிதர் மீது பாட்டனாருக்கு மிகுந்த பக்தி. ஆயினும் திண்ணையின் வழக்கம் மாறவில்லை.

1960 ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படும் பன்னிருவருள் ஒருவராக அப்பண்ணையாளைப் பங்குச் சுவாமியார் அமர்த்தினார். எதிரே பாட்டனார் இருப்பதைக் கண்டதும் முதியவரின் கை துண்டை நாடிற்று. சுவாமியார் ஒன்றும் பேசவில்லை. துண்டைத் தோளிலேயே சரிசெய்துவிட்டு, முழந்தாளிட்டு அவர் பாதங்களைக் கழுவி முத்தமிட்டார்.

பாஸ்கா திருநாளுக்கு மறுநாள் முதியவர் வைக்கோல் பிடுங்க வந்தார். வழக்கம்போல் துண்டை எடுத்தார்.

“தோளிலேயே கிடக்கட்டும். இனி என் முன்னால் எடுக்கவேண்டாம்” என்றார் பாட்டனார். குரல் தழுதழுத்தது.

“பழக்கம் ஆண்டே” என்றார் முதியவர். அன்றும் துண்டு இடுப்பில்தான் இருந்தது. அது தோளில் நிலைக்கப் பல மாதங்கள் ஆயின. ஒரு நொடியில் கற்பிக்கப்படும் அச்சம் மறைய எத்தனை காலமாகிறது!

இன்று யாவரும் சட்டை அணிகிறோம். ஆனால் நம் வீட்டில் வேலை செய்பவர் எங்கே நிற்கிறார்? எந்தக் குவளையில் நீர் அருந்துகிறார்? ஞானஸ்நானத்தில் நம் எல்லோருக்கும் ஒரே வெள்ளாடைதான் அளிக்கப்பட்டது. அதை மறந்துவிட்டு எத்தனை திருநாளுக்குப் புத்தாடை உடுத்தினாலும் என்ன பயன்?