டிஸ்க் கண்ணில் படாத நேரம்

இயங்குதளத்தை நிறுவும்போது எழும் சிக்கல்களில் பல ஒரே இடத்தில் தொடங்குகின்றன. டிஸ்க்கைக் கையாள டிரைவர் வேண்டும். அந்த டிரைவர் குடியேற வேண்டியதோ அதே டிஸ்க்கில். கணினியை ஆன் செய்ததும் பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ தன்னிடமுள்ள எளிய வசதிகளைக் கொண்டு பென் டிரைவிலிருந்து நிறுவியின் முதல் பகுதியை நினைவகத்தில் ஏற்றிவிடும். கெர்னல் பொறுப்பேற்ற பிறகு அந்தத் துணை இல்லை. டிஸ்க், கீபோர்டு, யுஎஸ்பி என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் டிரைவர் வேண்டும். பயாஸ் திரையில் பெயரோடு தெரியும் டிஸ்க் நிறுவியின் பட்டியலில் காணாமல் போவது இதனால்தான். இதைப் பார்த்ததும் டிஸ்க் பழுது என்று முடிவுகட்டிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இதற்கு இருந்த வழி எஃப்6 விசை. நீலத் திரையின் அடியில் சில நொடிகளே தோன்றும் அறிவிப்பைக் கவனித்து விசையை அழுத்தி, பிறகு டிரைவர் இருக்கும் ஃபிளாப்பியைப் போட வேண்டும். சாட்டா டிஸ்க்குகள் பரவியபோது மடிக்கணினிகளிலிருந்து ஃபிளாப்பி விடைபெற்றுக்கொண்டிருந்தது. பயாஸில் டிஸ்க்கின் ஏஹெச்சிஐ முறையை எக்ஸ்பிக்குத் தெரிந்த ஐடிஇக்கு மாற்றி நிறுவுவதே பலருக்குக் கைகொடுத்தது. விஸ்டா முதல் சிடி, பென் டிரைவ் ஆகியவற்றிலிருந்தும் டிரைவரை ஏற்ற முடிந்தது.

விண்டோஸ் 7க்கு வேறொரு சோதனை காத்திருந்தது. அதில் யுஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது. 2015இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் சிப்செட்டுகளில் பழைய யுஎஸ்பி 2.0 கன்ட்ரோலரும் நீக்கப்பட்டது. விளைவு, பென் டிரைவிலிருந்து முதல் திரை வரை எல்லாம் ஒழுங்காக வரும். அங்கே மவுஸும் நகராது, கீபோர்டும் வேலை செய்யாது. டிரைவரை முன்கூட்டியே நிறுவல் கோப்புகளுக்குள் சேர்ப்பதுதான் தீர்வு. அதை பூட்.விம், இன்ஸ்டால்.விம் இரண்டிலும் சேர்க்க வேண்டும். முன்னது நிறுவலின்போது இயங்குவது. பின்னது டிஸ்க்கில் போய் அமர்வது. பூட்.விம்மில் மட்டும் சேர்த்தால், நிறுவி முடித்து மறுமுறை தொடங்கும்போது அதே மவுஸ் மீண்டும் நின்றுவிடும்.

இப்போது அதிகம் தடுக்கி விழ வைப்பது, 11ஆம் தலைமுறை முதல் பல இன்டெல் மடிக்கணினிகளில் உள்ள விஎம்டி என்ற டிஸ்க் மேலாண்மை வசதி. அது இயங்கும் நிலையில், விண்டோஸ் நிறுவியில் டிஸ்க் பட்டியல் வெறுமையாக இருக்கக்கூடும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, பென் டிரைவில் வைத்து, 'லோடு டிரைவர்' பொத்தானை அழுத்தி அந்தக் கோப்புறையைக் காட்டினால் டிஸ்க் உடனே தோன்றும். இறக்கியது இஎக்ஸ்இ கோப்பாக இருந்தால் அப்படியே வைத்துப் பயனில்லை. அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஐஎன்எஃப் கோப்பையும் அதனுடன் வரும் கோப்புகளையும் ஒன்றாக வைக்க வேண்டும். நிறுவி தேடுவது ஐஎன்எஃப்பைத்தான். பயாஸில் விஎம்டியை அணைத்தும் நிறுவலாம். ஆனால் ஏற்கெனவே விஎம்டியோடு நிறுவப்பட்ட விண்டோஸ் உள்ள கணினியில் அதை அணைத்தால், அந்த விண்டோஸ் தொடங்காமல் போகலாம்.

லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடே வருவதால் இந்தத் தொல்லை குறைவு. அங்கே குறைபடுவது பெரும்பாலும் வைஃபை கார்டுக்கான ஃபர்ம்வேர். கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை டெபியன் நெடுநாள் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்கவில்லை. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவை மாற்றினர்; 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் அது நிறுவியுடனேயே கிடைக்கிறது.

எந்த இயங்குதளமானாலும் பெரும்பாலும் டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் உரிய டிரைவர்கள் கையில் இருந்தால் போதும். கிராஃபிக்ஸ், ஒலி முதலியவற்றைப் பிறகு இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வைஃபை டிரைவரை இறக்கவே வைஃபை தேவைப்படும் நிலை மட்டும் வரக் கூடாது. விண்டோஸ் 10, 11 இயங்கும் கணினியில் டிஸ்ம் கட்டளையின் எக்ஸ்போர்ட்-டிரைவர் வசதி, கூடுதலாக நிறுவப்பட்ட டிரைவர்களை ஒரு கோப்புறையில் எடுத்துத் தரும். டிஸ்க்கை அழிப்பதற்கு முன் அதைப் பென் டிரைவில் சேமித்துவிடுவது நல்லது.