கஞ்சிப் பயலும் கவர்மெண்டு முதலையும்

எங்கள் வீட்டில் முதலை வெற்றிலை போட்டுக்கொண்டுதான் பேசும். குரங்குக்கு எந்நேரமும் மூக்கடைப்பு. காகம் வாயைத் திறந்தால், "நான் சொன்னா இந்த வீட்டுல யாரு கேக்குறா" என்றுதான் தொடங்கும். அத்தனைக்கும் குரல் கொடுத்தது என் அப்பாயி.

பினாங்கு ஜார்ஜ் டவுனில், குயின் ஸ்திரீட்டில், மாரியம்மன் கோவில் கோபுரம் ஜன்னலில் தெரிகிற ஒரு மாடியில் குடியிருந்தோம். கீழே மளிகைக் கடை. அங்கே மிளகாய் மூட்டை பிரிக்கிற நாளில் மேலே எங்கள் எல்லோருக்கும் தும்மல். வாசலில் வரிசை வீடுகளையொட்டி ஓடும் அஞ்சடிப் பாதைதான் விளையாட்டுத் திடல். முன்னறையில் நாலு கால் வைத்த, இழுத்து மூடும் கதவு போட்ட ஒரு கறுப்பு வெள்ளை டிவி. மலேசியாவில் கலர் ஒளிபரப்பு 1978 டிசம்பரிலேயே வந்துவிட்டது. எங்கள் மாடிப்படி ஏற அதற்கு இன்னும் பல வருடம் பிடித்தது.

அந்தப் பெட்டிக்குள் 1983-ல் சருகுமான் வந்தது. மலாயில் கஞ்சில். மான் என்றுதான் பெயர், உடம்பு முயல் அளவுதான். கொம்பு கிடையாது. ஆணுக்கு மட்டும் மேலுதட்டுக்கு வெளியே இரண்டு சின்னக் கோரைப்பற்கள் துருத்திக்கொண்டிருக்கும். மலாய்க் கதைகளில் இந்தப் பொடியன்தான் நாயகன். புலியை, யானையை, முதலையை வாய்ச் சாமர்த்தியத்தாலேயே கவிழ்த்துவிடுவான். பெயருக்கு முன்னால் 'சங்' என்று ஒரு மரியாதை வேறு. சங் கஞ்சில்.

ஃபிலெம் நெகாரா என்ற அரசாங்கப் படப்பிரிவு எடுத்த 'ஹிக்காயாட் சங் கஞ்சில்'தான் மலேசியாவின் முதல் கார்ட்டூன் குறும்படம் என்று சொல்வார்கள். எடுத்தவர் பெயர் ஆனந்தம் சேவியர். 1978-லேயே முடித்துவிட்டார், திரைக்கு வர 1983 ஆயிற்று. பெயரைக் கேள்விப்பட்ட நாள் முழுக்க அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. "ஆனந்தம்! நம்ம பேருடா" என்று கீழ்க்கடைக்காரரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு அதே படப்பிரிவிலிருந்து வருடத்துக்கு ஒன்றாக வந்தன: 1984-ல் கஞ்சிலும் குரங்கும், அடுத்து புத்திசாலிக் காகம், அதற்கடுத்து திமிர் பிடித்த முயல், 1987-ல் கஞ்சிலும் முதலையும். எல்லாம் சில நிமிடக் குறும்படங்கள். ஆனால் டிவிக்காரர்கள் திரும்பத் திரும்பப் போட்டார்கள், நாங்களும் சலிக்காமல் பார்த்தோம்.

அவை பேசியது மலாய், அதுவும் புத்தக மலாய். அந்தக் காலத்து டிவியில் தமிழ் என்றால் செய்தி, எப்போதாவது ஒரு படம். மிருகம் எதுவும் எங்கள் மொழியில் வாய் திறந்ததில்லை. அப்பாயிக்குத் தெரிந்ததோ சௌராஸ்தா சந்தையில் மீன் பேரம் பேசுகிற பாசார் மலாய். விலை, வேண்டாம், நாளைக்கு, பொய் சொல்லாதே. இந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு அது முழுப் படத்தையும் எங்களுக்குத் தமிழில் சொல்லிவிடும்.

எப்படி என்று கேட்டால், காதால் இல்லை, கண்ணால். பலகைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பாக்கு வெட்டியைக் கையில் பிடித்தபடி திரையையே பார்க்கும். முதலை வாயைத் திறந்தால் வெற்றிலையை ஒரு கொடுப்புக்கு ஒதுக்கிவிட்டு, தொண்டையைத் தாழ்த்தி, "நாளைக்குத் தாரேன் நாளைக்குத் தாரேன்னு போன மாசமும் இதத்தான் சொன்ன" என்று ஆரம்பிக்கும். எங்கள் தெருவுக்கு மாதம் ஒரு முறை வரும் வட்டிக்காரர் குரல் அது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அம்மா, "கீழ கேக்கப்போவுது அத்தே" என்று அடுப்படியிலிருந்து பதறுவாள்.

கஞ்சில் என்ற சொல் அப்பாயி வாயில் முதல் நாளே கஞ்சி ஆகிவிட்டது. "கஞ்சிப் பய வந்துட்டானாடா?" ஆறு மணிக்குப் பள்ளிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னைக் கேட்கும். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் சாம்பல் நிறத்தில் ஓடிய கஞ்சிப் பயலுக்கு நிறம் கொடுத்ததும் அப்பாயிதான். "நல்லா வறுத்த மல்லி நிறம்டா அது." பின்னாளில் தைப்பிங் மிருகக்காட்சிசாலையில் நிஜக் கஞ்சிலைப் பார்த்தபோது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று தெரிந்தது. அப்பாயி தன் ஆயுளில் ஒரு கஞ்சிலையும் நேரில் பார்த்ததில்லை.

டிவியில் படம் முடிந்தாலும் எங்கள் வீட்டில் முடியாது. ஆற்றைக் கடக்க கஞ்சில் செய்த தந்திரக் கதையை ஒரு நாள் பள்ளியில் கேட்டுவந்து சொன்னேன். மலாய்ப் பிள்ளை எல்லோருக்கும் தெரிந்த கதை அது. கரையில் நின்றுகொண்டு, "ராஜா சுலைமான் உங்களை எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், எல்லோருக்கும் வெகுமதி உண்டு" என்று முதலைகளை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை வரிசை கட்டவைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் குதித்து எண்ணிக்கொண்டே அக்கரை போய்விடும். மிருகங்களின் மொழி தெரிந்த அரசன் என்று பெயர் பெற்றவர் சுலைமான். அதனால் மலாய்க் காதுக்கு அந்த இடம் இயல்பாக இருக்கும்.

அப்பாயி யோசித்தது. ராஜா சுலைமானைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் கவர்மெண்டைப் போட்டது.

"கவர்மெண்டுலேருந்து எண்ணச் சொல்லி ஆர்டர் வந்திருக்கு. எல்லாரும் வரிசையா நில்லுங்க. தள்ளாத, முட்டாத. ஐசி கொண்டாந்தியா? எங்க, காட்டு. நீல ஐசியா, செவப்பு ஐசியா?"

பல வருடம் கழித்துத்தான் எனக்கு அந்த வரி உறைத்தது. அப்பாயி இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ராஜூலா கப்பலில் வந்து இறங்கியது. பிறப்புச் சான்று கிடையாது. குடியுரிமைக்கு மலாய் தெரிந்திருக்க வேண்டும். பாசார் மலாய் அதற்குப் போதவில்லை. குடிமக்களுக்கு நீல ஐசி. அப்பாயிக்குக் கடைசி வரை நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டைதான். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மஞ்சள் துணியில் சுற்றி, அரிசி டின்னுக்குள் வைத்திருக்கும். எத்தனை வரிசையில் நின்றதோ, எத்தனை மேசைக்கு முன்னால் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதோ. எங்களுக்கு அன்று தெரிந்ததெல்லாம் முதலை ஐசி காட்டுகிறது என்பதுதான். தரையில் உருண்டு சிரித்தோம்.

அந்தக் கதையை அப்படியே மலாய்க் கட்டுரையில் எழுதிக்கொடுத்தேன். ஆசிரியை சிவப்பு மையில் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தார். அப்பாயியிடம் காட்டினேன். "அவளுக்கு நீல ஐசி, எப்படிப் புரியும்" என்றது. அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பின்னாளில்தான் படித்தேன். மலாய் எழுத்தின் முன்னோடி என்று கொண்டாடப்படும் முன்ஷி அப்துல்லாவுக்குத் தமிழ் தெரியும். 1835-ல் அவர் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்துதான் மலாய்க்குக் கொண்டுபோனார், 'ஹிக்காயாட் பஞ்ச தந்தரான்' என்று. சிங்கமும் எருதும், குரங்கும் முதலையும் எல்லாம் தமிழிலிருந்து மலாய் கற்றுக்கொண்டு போயிருக்கின்றன. கஞ்சில் அவற்றுக்கு முன்பே இந்தக் காட்டில் திரிந்தவன், அவன் கதை வேறு. ஆனாலும் இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, நாலு சொல் மலாயை வைத்துக்கொண்டு, குயின் ஸ்திரீட் மாடியில் ஒரு கிழவி அந்த மிருகங்களைத் திரும்பத் தமிழுக்கு அழைத்துவந்திருக்கிறாள். முன்ஷியின் பெயரைக்கூட அது கேள்விப்பட்டிருக்காது.

1993-ல் அப்பாயி தவறிப்போனது. அடுத்த வருடம் பெரோடுவா கம்பெனி ஒரு சின்னக் காரைச் சாலையில் விட்டது. பெயர் கஞ்சில். அப்பா பிறகு ஒரு பழைய கஞ்சிலை வாங்கினார். அதை வாசலில் நிறுத்திவிட்டு முதலில் சொன்னது, "அம்மா இருந்திருந்தா கஞ்சிப் பய மேல ஏறி உக்காந்திருக்கும்." அப்பா அழுது நான் பார்த்த இரண்டு தடவையில் அது ஒன்று.

இரண்டாவது தடவை வீட்டைக் காலி செய்தபோது. ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகள் பலவற்றை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் எங்களைப் போன்றவர்கள் கைக்கெட்டும்படி வைத்திருந்தது. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 1997-ல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள், 1999 முடிவோடு அவகாசமும் தீர்ந்தது. எங்களுக்குக் கேட்ட புது வாடகை அப்பா சம்பளத்தில் பாதிக்கு மேல். வீட்டுக்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அத்தனை வருடம் அவரும் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். தெருவில் எங்களைப் போல எத்தனையோ குடும்பம் கிளம்பியது. சாமான்கள் லாரியில் போயின. நாங்கள் நால்வரும் கஞ்சிலில். பினாங்குப் பாலம் பதின்மூன்றரை கிலோமீட்டர். பாதிப் பாலத்தில் அக்கா மெதுவாகச் சொன்னாள்: "கஞ்சிப் பய தண்ணிய தாண்டுறான். முதலைய எண்ணுங்கடா." யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் எல்லோரும் சிரித்தோம்.

இப்போது பட்டர்வொர்த் பக்கம் இருக்கிறோம். என் மகளுக்கு மிருகங்களுக்குப் பஞ்சமில்லை. 'பாடா ஸமான் டாஹுலு' என்ற மலாய்த் தொடரில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துத் தாத்தா பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிற கதையாக கஞ்சில் கலர்கலராய் வருகிறான். 2007-ல் சுட்டி டிவி தொடங்கியதிலிருந்து தமிழிலும் பேசாத பிராணியே இல்லை. நல்ல தமிழ்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அது சென்னை ஸ்டூடியோவில் பிறந்த தமிழ். அந்த முதலை ஒருநாளும் 'ஐசி' என்று சொல்லாது. "பாசாருக்குப் போய்ட்டு வாரேன்" என்று எந்தக் குரங்கும் கிளம்பாது. மகளுக்கு இது குறையாகவே தெரியவில்லை. அவளுக்கு ஏன் தெரிய வேண்டும்?

ஒரே ஒரு தடவை உடம்பு சிலிர்த்தது. 2009-ல் 'கெங்' என்ற படம் வந்தது, உப்பின் இப்பின் என்ற இரட்டைப் பயல்கள் வருகிற முப்பரிமாணக் கார்ட்டூன். அந்தக் கம்பத்தில் ராஜு என்று ஒரு இந்தியப் பையன். அவனுக்கு ஒரு தனித் திறமை: மிருகங்களோடு பேசுவான். எழுதியவர்கள் எதை நினைத்து எழுதினார்களோ. தியேட்டர் இருட்டில் நான் மட்டும் சத்தமாக, "அப்பாயிகிட்ட படிச்சிருக்கான்" என்றேன். முன் வரிசைச் சீனக் கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

ஜார்ஜ் டவுனை 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நல்லது, கட்டடங்கள் பிழைத்தன. எங்கள் மாடி இப்போது சுற்றுலாக்காரர் தங்கும் விடுதி. அப்பாயி உட்கார்ந்த இடத்தில் ஒரு பிரம்பு நாற்காலியும் செடியும் இருப்பதாக அக்கா மகன் போனில் படம் பிடித்து வந்து காட்டினான். பலகைத் தரையை மெருகு போட்டு வைத்திருக்கிறார்கள். வெற்றிலைக் கறை போயிருக்கிறது. நாலு தெரு தள்ளி, 2013-ல் தெருப் பூனைகளுக்காக வரைந்த சுவர்ப்படங்களில் ஒன்று, ஒரு ராட்சசப் பூனை. அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது. அந்த வரிசையைப் பார்த்தால் எனக்கு வாயில் வந்துவிடுகிறது, தள்ளாத, முட்டாத, ஐசி கொண்டாந்தியா.

போன தீபாவளிக்கு அக்கா வந்திருந்தபோது மகளுக்கு அந்த முதலைக் கதையை முழுசாகச் சொல்ல முயன்றோம். ஆர்டர் வந்தது, வரிசை நின்றது, வெற்றிலைக் குரலும் ஓரளவுக்கு வந்தது. நீல ஐசியா சிவப்பு ஐசியா என்று கஞ்சிப் பயல் கேட்கிற இடத்தில் மாட்டிக்கொண்டோம். முதலை ஏதோ ஒன்று சொல்லும், அதற்குத்தான் நாங்கள் உருண்டு சிரித்தோம். என்ன சொல்லும் என்று எனக்கு நினைவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவளுக்கும் இல்லை.