ஒன்றும் கேட்காமல் வந்த பூச்சியம்

ஜாவாவில் ஒரு கிளாஸ் எழுதி, கொன்ஸ்ட்ரக்டர் எதுவும் எழுதாமல் விட்டால், கொம்பைலர் தானாகவே ஒன்றைச் சேர்த்துவிடும். அதற்கு ஆகியூமென்ட் எதுவும் தேவையில்லை. வெறும் அடைப்புக்குறி போதும், ஒப்ஜெக்ட் பிறந்துவிடும். நாங்கள் மதிப்புக் கொடுக்காத இடங்களில் ஜாவாவே ஒன்றைப் போட்டிருக்கும்: எண் என்றால் 0, பூலியன் என்றால் பொய், பெயர் மாதிரியான சொற்களுக்கு நல்.

படிக்கத் தொடங்கின நேரம் எனக்கு இது நல்ல வசதியாத்தான் தெரிஞ்சது.

பிறகு தங்கச்சிக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்ததால் தவணைப் பரீட்சையில் கணிதம் எழுதேல்லை. தேர்ச்சி அறிக்கை வந்தபோது கணிதத்துக்கு நேரே 0 என்று அச்சாகியிருந்தது. சராசரி விழுந்தது, வகுப்பில் நிலையும் விழுந்தது. "நான் எழுதவே இல்லை, பிறகு என்னெண்டு பூச்சியம் எடுப்பன்?" என்று அழுதாள்.

அந்த மென்பொருளின் உள்ளே நான் பார்த்ததில்லை. ஆனா இப்படியொரு 0 எவ்வளவு லேசாக வரும் என்று தெரியும். மாணவர் என்று ஒரு கிளாஸ், அதில் புள்ளிக்கு ஒரு இன்ட். யாரும் புள்ளி பதியாவிட்டால் அது 0 ஆகவே இருக்கும். எழுதிப் பூச்சியம் எடுத்த பிள்ளைக்கும் 0, சேலைன் ஏறிக்கொண்டு கிடந்த பிள்ளைக்கும் 0. பிறகு பார்க்கிறவருக்கு இரண்டையும் பிரிக்க வழியில்லை.

அதுக்காக இந்தக் கொன்ஸ்ட்ரக்டரே கூடாது என்றில்லை. புதிதாக உருவாக்கிய அரேலிஸ்ட் வெறுமையாக இருக்கும். வெறும் பட்டியலும் முழுமையான பட்டியல்தான். ஹைபர்னேட் போன்றவை தரவுத்தளத்திலிருந்து ஒப்ஜெக்ட்டை எடுக்க இதைத்தான் கேட்கும். அங்கே புரொடெக்டட் என்று போட்டு வைக்கலாம். ஆனா பெயரும் சுட்டெண்ணும் இல்லாத மாணவர் என்று ஒருவர் எங்கேயும் இல்லை.

பெயர், சுட்டெண், பரீட்சைக்கு வந்தாரா இல்லையா என்ற மூன்றையும் கேட்கிற ஒரு கொன்ஸ்ட்ரக்டரை நாங்களே எழுதினால், கொம்பைலர் இலவசமாகத் தந்தது இல்லாமல் போய்விடும். வெறும் அடைப்புக்குறியோடு மாணவரை உருவாக்கப் போனால் பிழை காட்டும். வராதவர்களைச் சராசரியில் சேர்க்காமல் விடவும், புள்ளிக்குப் பதிலாக 'வரவில்லை' என்று அச்சிடவும் அப்போதுதான் முடியும்.

அந்தச் சிவப்புக் கோடு எழுதுகிற எங்களுக்கு எரிச்சல்தான். இரண்டு நிமிசத்தில் திருத்திவிடலாம். அச்சாகின அறிக்கையைத் திருத்த அம்மா மூன்று தரம் பள்ளிக்கூடம் போய்வந்தா.