தப்பு அவன் மேல இல்ல!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் எதை எழுதுவது என்று நான் யோசிக்கவேயில்லை. போன வருடக் கல்லூரி விழாவில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

திரையில் ஓடும் வரியைப் பார்த்துப் பாடி மார்க் வாங்கும் விளையாட்டு நினைவிருக்கிறதா? அதை நடத்தியவன் அடியேன்தான். வித்தை ஒன்றும் புதிதல்ல. 1920களிலேயே அமெரிக்காவில் மேக்ஸ் ஃபிளைஷர் பாட்டு வரிகளின் மேல் ஒரு பந்தைத் துள்ளவிட்டு, சினிமாக் கொட்டகையில் இருந்தவர்களைப் பாட வைத்தார். 2004ல் சோனியின் 'சிங்ஸ்டார்' வந்தது. நாம் விளையாடியது 'அல்ட்ராஸ்டார் டீலக்ஸ்' என்ற இலவச சாஃப்ட்வேர்.

அதற்குப் பாட்டோடு ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போதும். பாட்டின் வேகம், முதல் சொல் எத்தனையாவது மில்லி செகண்டில் வருகிறது, பிறகு ஒவ்வொரு அசைக்கும் தொடக்கம், நீளம், சுருதி என எல்லாவற்றையும் எண்ணாக எழுத வேண்டும். வேகம் 100 என்றால் ஒரு கட்டம் 150 மில்லி செகண்ட். ஒரே பாட்டுக்கு ஹாஸ்டலில் மூன்று ராத்திரி கண்விழித்தேன். ஹெட்போனில் கேட்டால் கனகச்சிதம்!

விழா அன்று ஸ்பீக்கர் ஒயர் மேடைக்கு எட்டவில்லை. "புளூடூத்துல போட்டுக்கலாம்டா" என்றேன். பாடியவன் என் ரூம்மேட். எங்கள் வகுப்பிலேயே நல்ல குரல் அவனுக்குத்தான். ஆனால் வரி அவனுக்கு முன்னால் ஓடியது. 10000க்கு 2000கூட வரவில்லை. "எறங்குடா!" என்று ஒரே கூச்சல், விசில். கம்ப்யூட்டருக்குப் பின்னால் நின்று நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவன் பாத்ரூமில்கூடப் பாடுவதில்லை.

மறுநாளே காரணம் புரிந்துவிட்டது. புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். 0.2 செகண்ட் பிந்தினாலே ஒரு கட்டம் தாண்டிவிடும். அவன் காதில் விழுந்த இசையோடு சரியாகத்தான் பாடினான். மெஷினோ தன் கணக்குப்படி 'லேட்' என்று மார்க்கை வெட்டியது. தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

புரட்டாசியில் சம்பா நடவுக்கு ஊருக்குப் போனேன். பாபநாசம் பக்கம். பாதி வயலில் இப்போது மெஷின் நடவுதான். அம்மாவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன்.

"நடவுல ஒருத்தி பாட்டெடுத்துக் குடுப்பா, நாங்க வாங்கிப் பாடுவோம். அவ பிந்தினா எங்களுக்கும்தான் பிந்தும். அதுக்கு எங்களத் திட்டுனா நியாயமா? நீதானடா எடுத்துக் குடுத்தவன்?" என்றார் அம்மா.

அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

ஆகவே நண்பர்களே, எல்லோரும் படிக்கும் இந்த மலரிலேயே ஒப்புக்கொள்கிறேன். தப்பு என்னுடையது. இனி யாராவது மேடையில் தடுமாறினால், சிரிக்கும் முன் ஒயரைப் பாருங்கள்!

மாப்ள, மன்னிச்சுடுடா. நமக்கு இது கடைசி வருஷம். 10 மீட்டர் ஒயர் வாங்கி வச்சிருக்கேன். வந்து பாடு.

- மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல்