ஒருவழிப் பேச்சும் இருவழிப் பேச்சும்

நெட்வொர்க் என்றதும் இன்டர்நெட்தான் ஞாபகம் வரும். ஆனால் இரண்டே இரண்டு கம்ப்யூட்டரை ஒரு ஒயரால் சேர்த்து, இதில் இருப்பதை அதற்கு அனுப்ப முடிந்தாலே அது நெட்வொர்க்தான். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது, யார் பேசலாம், யார் கேட்கணும் என்கிற பகுதி.

ஒரு பக்கமிருந்து மட்டும் செய்தி போனால் சிம்ப்ளெக்ஸ். ரேடியோ பெட்டி அப்படித்தான், நாம திருப்பிப் பேச முடியாது. இரண்டு பக்கமும் பேசலாம், ஆனா ஒருத்தர் பேசும்போது மற்றவர் சும்மா இருக்கணும் என்றால் ஹாஃப் டூப்ளெக்ஸ். பெரிய போட்டுல வைக்கிற வயர்லெஸ் செட் இந்த வகை. பட்டனை அழுத்திப் பேசிட்டு "ஓவர்"னு சொன்னாத்தான் அடுத்தவர் ஆரம்பிப்பார். போன் ஃபுல் டூப்ளெக்ஸ். எங்க அம்மாவும் பெரியம்மாவும் போனில் ஒரே நேரத்தில் பேசுவாங்க, இரண்டு பேருக்கும் புரியும். எப்படின்னு டூப்ளெக்ஸுக்கே தெரியாது!

இன்னொரு பிரிவும் இருக்கு. ஒருத்தருக்கு மட்டும் போகிற செய்தி யூனிகாஸ்ட், எல்லாருக்கும் போவது பிராட்காஸ்ட். இதற்கு நம்ம ஈ.சி.ஆர். ரோட்டிலேயே தெற்கே போனால் ஒரு உதாரணம் கிடைக்கும். புதுச்சேரி பக்கம் நல்லவாடு என்று ஒரு மீனவர் கிராமம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் அந்தப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் மையத்தில் இன்டர்நெட்டில் அலையின் உயரத்தைப் பார்த்து வயர்லெஸ்ஸில் கடலோர ஊருக்குச் சொல்வாங்க, அங்கே ஒலிபெருக்கியில் அறிவிப்பாங்க.

2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் டி.வி.யில் சுனாமி செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். அது யூனிகாஸ்ட். உடனே அறிவு மையத்து ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னாங்க. அது பிராட்காஸ்ட். சுமார் 500 குடும்பங்கள். வீடும் படகும் போச்சு, ஊரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. அதே காலையில் நம்ம மாமல்லபுரம் கரைக்கும் அலை வந்தது. எங்க குப்பத்துக்கு யாரும் போன் பண்ணலைன்னு பாட்டி சொல்வாங்க. நான் அப்போ பிறக்கவே இல்லை.

ஆனா ஒலிபெருக்கி கரையில இருக்கறவங்களுக்குத்தான். கடலுக்குள்ள போனவங்க? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தப்போ, கன்னியாகுமரி மீனவர்கள் நிறைய பேர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தாங்க. எச்சரிக்கை அவங்களுக்குப் போய்ச் சேரலை. அதற்கப்புறம் 2019-ல் ஜெமினி என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. செயற்கைக்கோளிலிருந்து புயல் செய்தி அந்தப் பெட்டிக்கு வரும், பெட்டியிலிருந்து புளூடூத்தில் செல்போனுக்கு வரும். டவரே வேண்டாம். ஆனா அது சிம்ப்ளெக்ஸ். "கேட்டுச்சு, திரும்பறோம்"னு படகிலிருந்து சொல்ல வழியில்லை.

கம்ப்யூட்டரிலும் இதே சங்கதி இருக்கு. டி.சி.பி. என்கிற முறையில், அனுப்பிய துண்டு கிடைத்ததா என்று பதில் வரணும், வரலைன்னா திரும்ப அனுப்பும். யு.டி.பி. முறையில் அனுப்பிட்டுப் போயிட்டே இருக்கும். வீடியோவுக்கு யு.டி.பி. போதும், ஒரு துண்டு போனால் படம் கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான். புயல் செய்திக்கு டி.சி.பி. மாதிரி பதில் வேணும் என்பது என் கருத்து. அனுப்பியவருக்கு நிம்மதி வேண்டாமா?

2024 ஆகஸ்ட் 30-ல் 1 லட்சம் படகுகளுக்கு இருவழி டிரான்ஸ்பாண்டர் கொடுக்கும் திட்டத்தை ஆரம்பிச்சாங்க. இது இஸ்ரோ உருவாக்கியது. இதில் படகிலிருந்தும் செய்தி அனுப்பலாம்.

எங்க அப்பாவுடையது ஃபைபர் படகு. போனைப் பிளாஸ்டிக் கவரில் சுத்தி எடுத்துட்டுப் போவார். கொஞ்ச தூரத்துல சிக்னல் போயிடும். காத்து அடிச்சா அம்மா கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கார்னு ஒரு பொம்பளைக் குரல் சொல்லும். அம்மா அந்தக் குரலோடவே சண்டை போடுவாங்க. அதுவும் சிம்ப்ளெக்ஸ்தான்னு சொன்னா எனக்கு அடி விழும். டிரான்ஸ்பாண்டர் பத்தி அப்பாகிட்ட சொன்னேன். நம்ம மாதிரிப் படகுக்கும் கிடைக்குமான்னு மீன்வளத்துறை ஆபீஸ்ல கேட்டுட்டு வரேன்னு சொல்லியிருக்கார்.