ஜவ்வாது மலைக்கு சின்ன கார்ல கிளம்புறீங்களா? முதல்ல வீலைப் பாருங்க!

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வார இறுதிக்கு மலை ஏறுபவர்களின் வண்டி பெரும்பாலும் ஏலகிரிப் பக்கம்தான் திரும்பும். அதே வாணியம்பாடியில் இன்னொரு பக்கம் திரும்பினால் ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. ஏறத்தாழ 80 கி.மீ-க்கு 32 கி.மீ. பரப்பில், திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. பெரிய ஹோட்டல்கள், ஷாப்பிங் என்று எதையும் எதிர்பார்த்து இங்கே போகக் கூடாது. சாமை வயல், பலா, புளிய மரம், தேன், மலையாளி பழங்குடி மக்களின் சிற்றூர்கள், கோடையிலும் சாயங்காலம் ஆனால் இறங்கிவிடும் வெயில். இதற்காகப் போகிறவர்களுக்கான மலை இது.

போகிறவர்களில் பாதிப் பேர் சின்ன கார்களில்தான் போகிறார்கள். ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10, டியாகோ. ஐந்து பேர், டிக்கியில் பை, மடியில் ஒரு குழந்தை, சாப்பாட்டுக் கூடை. அந்த மொத்த எடையையும் தாங்குவது உள்ளங்கை அகலத்துக்குத் தரையைத் தொடும் நான்கு ரப்பர் துண்டுகள். ‘காரை சர்வீஸ் விட்டாச்சு’ என்று கிளம்புகிறவர்களில் எத்தனை பேர் அந்த நான்கையும் குனிந்து பார்த்திருப்பார்கள்? அதுவும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் என்றால், முன்பு வைத்திருந்தவர் ‘லுக்’குக்காக மாட்டிய அலாய் வீலோடு வந்திருக்கும். சமவெளியில் அது அழகு. மலையில் அதற்குப் பரீட்சை.

ஏறும் வழிகள்

மலையின் மையம் ஜமுனாமரத்தூர். போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஏறலாம். செங்கத்துக்காரர்கள் பரமனந்தல் வழியாக வருவார்கள். வேலூர்க்காரர்களுக்கு அமிர்தி வழி இருக்கிறது. பெங்களூர் நெடுஞ்சாலையில் வருபவர்களுக்கு வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர் வழி. திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்குத் தனிச் சாலை ஏறுகிறது. எந்த வழியாக இருந்தாலும் அடிவாரத்திலேயே பெட்ரோல் போட்டுக்கொள்வதும், காற்றைப் பார்த்துக்கொள்வதும் நல்லது. டயர் சூடாவதற்கு முன்பு பார்க்கும் அளவுதான் சரியான அளவு. எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். ஆள் நிறைந்த வண்டிக்குத் தனி அளவு போட்டிருந்தால் மலைக்கு அதுதான்.

போளூர் வழியில் காடு சீக்கிரமே சாலையை நெருங்கிவிடுகிறது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம், வளைவு முடிந்த இடத்தில் மாட்டு மந்தை. மெயின் ரோடு நன்றாகவே இருந்தாலும், சிற்றூர்களுக்குப் பிரியும் கிளைச் சாலைகளில் மழைக்குப் பிறகு ஓரம் அரித்து, தார் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். எதிரே பஸ் வந்தால் நம் இடப்பக்க வீல் அந்த விளிம்பில்தான் இறங்கி ஏற வேண்டும். டயரின் பக்கச் சுவர் எவ்வளவு உயரம் என்ற கேள்வி அந்த ஒரு நொடியில் முளைக்கும்.

அந்த எண்கள் சொல்வது என்ன?

டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர்14 என்று இருந்தால், 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் 80 சதவிகிதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 132 மி.மீ. 14 என்பது வீலின் விட்டம், அங்குலத்தில்.

ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்வோம். 2011-க்குப் பிறகு வந்த மாடல்களில் கம்பெனியே இரண்டு அளவு கொடுத்தது. விலை குறைந்த வேரியன்ட்டுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்டுக்கு 185/65 ஆர்15. கணக்குப் போட்டால் முதலாவதின் மொத்த விட்டம் 619.6 மி.மீ., இரண்டாவது 621.5 மி.மீ. வித்தியாசம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. வீல் ஓர் அங்குலம் பெரிதானபோது ரப்பரின் உயரத்தைக் குறைத்து மொத்தத்தைச் சமன் செய்திருக்கிறார்கள். மாற்று வீல் வாங்குகிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான். வீல் எந்த அளவானாலும் வெளி விட்டம் மாறக் கூடாது.

இப்போது கடையில் பளபளக்கும் 16 அங்குல அலாய் வீலில் 195/50 டயரைப் போட்டுப் பார்க்கலாம். விட்டம் 601.4 மி.மீ. தரைக்கும் காரின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளியில் 10 மி.மீ. போய்விட்டது. ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். பக்கச் சுவர் 97.5 மி.மீ. தான். தார் விளிம்பில் இறங்கும்போது அடி நேராக வீலுக்குப் போகும். ஸ்டீல் வீல் வளைந்தால் தட்டி நிமிர்த்திவிடுவார்கள். அலாய் விரிசல் விட்டால் மலை மேல் அதற்கு வைத்தியம் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது, பலர் கவனிக்காதது. அளவுக்குப் பக்கத்தில் 88எஸ், 85டி என்று ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எழுத்து வேக வரம்பு. எண், அந்த டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. 88 என்றால் 560 கிலோ, 85 என்றால் 515 கிலோ, 84 என்றால் 500 கிலோ. 195/50 ஆர்16 டயர்கள் பெரும்பாலும் 84-ல் வருகின்றன. கம்பெனி கொடுத்த 15 அங்குல டயரைவிட ஒவ்வொன்றும் 60 கிலோ குறைவாகத் தாங்கும். ஐந்து பேரும் பலாப்பழமுமாக இறங்கும் காருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

‘நாலு நட்டுதானே?’

டயர் கடையில் வழக்கமாக நடக்கும் உரையாடல் இது. “அண்ணே, இது நம்ம வண்டிக்குச் சேருமா?” “நாலு நட்டுதானே தம்பி, தாராளமா சேரும்!” இந்த ‘தாராளமா’வில்தான் சிக்கல்.

நட்டு ஓட்டைகளின் மையங்களைத் தொட்டு ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம்தான் பி.சி.டி. நான்கு ஓட்டை வீலில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் ஸ்கேல் வைத்து அளந்தாலே தெரிந்துவிடும். ஸ்விஃப்ட், ஐ10, டியாகோ போன்றவற்றுக்கு இது 100 மி.மீ. ஃபோர்டு ஃபிகோவுக்கு 108 மி.மீ. அதற்கும் நான்கு நட்டுதான்! ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 100 மி.மீ. தான், ஆனால் ஐந்து ஓட்டை. எட்டு ஓட்டை போட்டு இரண்டு அளவு கார்களுக்கும் பொதுவாக விற்கும் வீல்களும் உண்டு. அவற்றில் எந்த நான்கு நம்முடையது என்று பார்த்து மாட்ட வேண்டும். சரியாக உட்காராத வீலை நட்டை முறுக்கி இழுத்துப் பிடித்து மாட்டினால் போல்ட் எந்நேரமும் வளைந்த நிலையிலேயே சுமக்கும். வளைவுக்கு வளைவு அதன் ஆயுள் குறையும்.

அடுத்தது நடு ஓட்டை. ஸ்விஃப்ட்டின் ஹப் விட்டம் 54.1 மி.மீ. வெளிச்சந்தை அலாய்கள் எல்லாக் காருக்கும் பொருந்தட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக, பெரும்பாலும் 73.1 மி.மீ. வைத்து வருகின்றன. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். கேட்டு வாங்காவிட்டால் பல கடைகளில் போட மாட்டார்கள். 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதறுவதற்கு அலைன்மென்ட்டைத் திட்டிக்கொண்டிருப்போம். காரணம் இந்த வளையமாக இருக்கும்.

நட்டுக்கும் ஜாதகம் உண்டு. மாருதி சுஸூகி கார்களின் மரை 12 மி.மீ., 1.25 இடைவெளி. ஹூண்டாய், ஹோண்டாவுக்கு 1.5. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், இரண்டு சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்றுவிடும். நட்டின் முகமும் வீலின் குழியும் பொருந்த வேண்டும். ஹோண்டாவின் ஒரிஜினல் வீல்களுக்கு உருண்டை முகம், வெளிச்சந்தை வீல்களுக்கு பெரும்பாலும் கூம்பு முகம்.

கடைசியாக ஆஃப்செட். வீலின் உள்ளே ‘இ.டி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு ஓர் எண் பொறித்திருக்கும். வீல் ஹப்பில் உட்காரும் முகம் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது அது. பழைய வீலில் உள்ள எண்ணைவிட ரொம்பக் குறைந்தால் வீல் வெளியே துருத்தும், ஆள் ஏறி வளைவில் சாயும்போது ஃபெண்டரில் உரசும், பேரிங்குக்கும் சுமை. கூடினால் உள்ளே சஸ்பென்ஷனில் இடிக்கும். காலி வண்டியை கடை வாசலில் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘உரசல’ என்று முடிவு செய்வது தப்பு. பின் சீட்டில் மூன்று பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பார்க்க வேண்டும்.

வீலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கார் வீல்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 9436. இதைக் கேட்டதும் கடைக்காரர் முகம் மாறினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். இத்தனைக்கும் நாம் இருப்பது வீலும் டயரும் விளையும் ஊரில். சென்னை பாடியில் வீல்ஸ் இந்தியா, அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்போலோ. போலிக்கு அவசியமே இல்லை.

ஸ்டெப்னியை மறக்காதீர்கள்

‘ஸ்டெப்னி’ நம் ஊர் மெக்கானிக் வார்த்தை என்று நினைப்போம். வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் மாற்றுச் சக்கரம் தயாரித்த கம்பெனியின் பெயர் அது. அங்கே வழக்கொழிந்துவிட்டது, இங்கே வாழ்கிறது. 2020-ல் வந்த விதித் திருத்தப்படி, காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பங்க்சர் கிட்டும் இருந்தால் சின்ன கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஆனால் பக்கச் சுவர் கிழிந்தால் கிட் உதவாது. நான்கு வீலையும் மாற்றியவர்கள் டிக்கியில் உள்ள பழைய ஸ்டீல் வீலுக்குப் பழைய நட்டையும் ஒரு கவரில் போட்டு வைக்க வேண்டும். அலாய் நட்டு ஸ்டீல் வீலில் சரியாக உட்காராமல் போகலாம். அந்த ஸ்டெப்னி டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். ஓடாத டயருக்கும் வயதாகும். ஓடும் டயரில் பள்ளம் 1.6 மி.மீ-க்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியே மாற்ற வேண்டும். மலைக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

மேலே போனால்…

ஜமுனாமரத்தூர் சின்ன ஊர். கோமுட்டேரியில் படகு விடுகிறார்கள். குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் போதும். பீமன் அருவி பக்கத்தில்தான், மழைக்காலமும் அதற்கு அடுத்த மாதங்களும் சரியான நேரம். கோடையில் போய்விட்டு ‘தண்ணியே இல்ல’ என்று புலம்புவது நியாயமில்லை. சாமை அரிசியும் தேனும் மலை மக்களிடமே வாங்கலாம்.

புதூர்நாட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு நினைவு வரும். 2022 ஏப்ரல் 2 அன்று புலியூர் கிராமத்து மக்கள் சேம்பறை கோயிலுக்குச் சரக்கு வேனில் போனபோது அது பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். விருந்தாளியாக ஏறி இறங்கும் நமக்கு இது ஒருநாள் சாலை. அவர்களுக்கு கோயில், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாவற்றுக்கும் இதே சாலைதான். வளைவில் அவர்கள் வண்டிக்கு வழிவிட்டு நிற்பதில் நமக்கு எதுவும் குறைந்துவிடாது.

திரும்பும்போது காவலூர் வழியாக இறங்குவதுதான் சரியான திட்டம். 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி இங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் தொடங்கி வைத்தார். நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. 1988-ல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட குறுங்கோளுக்கு கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் இருட்டு. அதனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கூடுதல் லைட் மாட்டிய கார்கள் அவற்றை அணைத்துவிடுவது நல்லது.

காவலூரிலிருந்து ஆலங்காயத்துக்கு இறக்கம். நியூட்ரலில் விடாமல் இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்கினால் பிரேக் சூடாகாது. புதிதாக வீல் மாட்டியவர்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. முதல் 50-லிருந்து 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கிப் பார்க்க வேண்டும். வாணியம்பாடியில் டயர் கடைகளுக்குப் பஞ்சமில்லை, பத்து நிமிட வேலை. அதை முடித்துவிட்டு சென்னைப் பக்கம் திரும்பினால், ஆம்பூர் பிரியாணிக்கு சரியான பசியோடு போய்ச் சேரலாம்.