புளோரைடும் பேத்தியின் பல்லும்

பற்பசைக் குழாயின் மீது பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்கும் வழக்கம் பெரும்பாலோர்க்கு இல்லை. எங்களுக்கு உண்டு. கணவனும் மனைவியுமாக முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியில் கழித்தவர்கள் நாங்கள். எழுத்து கண்ணில் பட்டால் படிக்காமல் விட மாட்டோம். அந்த வழக்கமே எங்களைப் பெரும் பிழை ஒன்றைச் செய்ய வைத்தது. பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அதனை மறைக்காமல் எழுதுகிறோம்.

பணி ஓய்வுக்குப் பின் கம்மாபுரத்தில் மகன் குடும்பத்தோடு வசித்து வருகிறோம். பேத்திக்கு நான்கு வயது நடந்தபோது, மருமகள் வாங்கி வந்த பற்பசையில் 'புளோரைடு' என்னும் சொல்லைக் கண்டோம். அன்று மாலையே அந்தக் குழாய் குப்பைக் குழியைச் சேர்ந்தது. "பிள்ளைக்கு இந்த நஞ்சு வேண்டாம் அம்மா" என்றோம். "சரிங்க அத்தை" என்பதற்கு மேல் அவள் ஒரு சொல்லும் கூறவில்லை. மறுநாள் முதல் பேத்திக்கு உமிக்கரியும் உப்பும்.

எங்கள் அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1984 முதல் ஏழாண்டுகள் தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பணியாற்றினோம். வகுப்பில் பிள்ளைகள் சிரித்தால் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள் தெரியும். பெண் பிள்ளைகள் வாயைக் கையால் மூடிக்கொண்டே சிரிப்பார்கள். நாற்பது வயதிலேயே முதுகு விறைத்து, குனிந்து குடத்தை எடுக்க இயலாத தாய்மாரையும் கண்டோம். பாறையில் உள்ள புளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து, ஆழ்கிணற்றின் வழியே அவர்கள் வயிற்றுக்குள் அன்றாடம் சென்றுகொண்டிருந்தது. நாங்களோ தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று நம்பியிருந்தோம்! காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அது சற்று மிகுதியாகவே இருக்கும்.

இந்நோய் தர்மபுரிக்கு மட்டும் உரியதன்று. 1937ஆம் ஆண்டிலேயே, அந்நாள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ச் சீமையில் இதனைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார்கள், ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேறி, 2013ஆம் ஆண்டில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. எங்கள் பழைய மாணவர்கள் அதற்குள் தாமே பிள்ளை குட்டி பெற்றுவிட்டார்கள். இத்தனையும் கண்ட கண்களுக்கு அந்தச் சொல் நஞ்சாகத் தோன்றியதில் வியப்பென்ன?

பேத்திக்கு எட்டு வயதாயிற்று. புதுநன்மை வாங்க ஆயத்தமாகிக் கொண்டிருந்தாள். தை மாதத்தில், வீரமாமுனிவர் கோயில் எழுப்பிய கோணான்குப்பத்துப் பெரியநாயகி அன்னையின் திருவிழாவுக்குச் சென்று மிட்டாயும் பொரியுமாகத் திரும்பினோம். அன்றிரவு நடுச்சாமத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறினாள். கிராம்பு வைத்தோம், உப்பு நீர் கொப்பளிக்கச் செய்தோம். விடியும்வரை மருமகள் மடியில் கிடந்து, "வலிக்குது ஆயா" என்று எங்களைப் பார்த்தே அழுதாள். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

விருத்தாசலத்தில் பல் மருத்துவர் ஓர் அம்மையார் பார்த்தார். கடைவாய்ப் பாற்பற்கள் இரண்டு வேர்வரை சொத்தை. எடுத்தே ஆக வேண்டும். அதைவிட எங்களைக் கலக்கியது வேறொன்று. ஆறு வயதில் முளைத்த நிலைத்த கடைவாய்ப் பல்லில், சுண்ணாம்பு பூசினாற்போல் ஒரு வெண்புள்ளி. "இது விழுந்து முளைக்கிற பல் இல்லை, ஐயா. ஆயுள் முழுவதற்கும் இதுதான். என்ன பசை கொண்டு தேய்க்கிறாள்?" என்று கேட்டார். மருமகள் தலை குனிந்து நின்றாள். நாங்களே உண்மையைச் சொன்னோம்.

அவர் கடிந்துகொள்ளவில்லை, தர்மபுரிக் கதையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு விளக்கினார். நாம் உண்ணும் சர்க்கரையை வாயில் உள்ள கிருமிகள் அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேலோடாகிய எனாமலிலிருந்து சுண்ணச் சத்தைக் கரைத்து எடுக்கிறது. உமிழ்நீர் அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. நாள்தோறும் நடைபெறும் இந்தப் போக்கிலும் வரவிலும், போக்கு மிகுந்தால் சொத்தை. பல்லின் மேற்பரப்பில் சிறிதளவு புளோரைடு இருந்தால் வரவு விரைவுபடுகிறது. புதிதாகப் படியும் எனாமலும் அமிலத்துக்கு எளிதில் கரையாததாக அமைகிறது. வெண்புள்ளி என்பது சத்துக் கரைந்து, இன்னும் குழி விழாத நிலை. அந்நிலையில் பல்லை மீட்கலாம்.

"அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு" என்றோம், கற்றறிந்தவர்கள்போல. "அளவு மட்டும் அன்று அம்மா, அது செல்லும் இடமும் வேறு" என்றார் அவர். பற்பசை வெளியிலிருந்து பல்லைத் தொட்டுவிட்டு உமிழப்படுகிறது. பென்னாகரத்துத் தண்ணீரோ உள்ளே சென்று, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த பல்லையும் எலும்பையும் பற்றியது. முளைத்து முற்றிய பல்லில் அந்தப் பழுப்புக் கறை புதிதாக ஏறுவதில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடையாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். லிட்டருக்கு 4 மில்லிகிராம் உள்ள நீரை, வெயிலில் உழைப்பவர் நாளுக்கு 4 லிட்டர் அருந்தினால் 16 மில்லிகிராம் உள்ளே போகும். பற்பசையில் 1000 பி.பி.எம்.முக்கு மேல் புளோரைடு கூடாது என்பது நம் நாட்டு விதி. அதாவது ஒரு கிராம் பசையில் ஒரு மில்லிகிராம். அரிசி மணியளவுப் பசை ஏறத்தாழ 0.1 கிராம், இருவேளையும் பிள்ளை விழுங்கியே விட்டாலும் 0.2 மில்லிகிராம்தான். எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆசிரியர்களாக இருந்தும் இதனைப் போட்டுப் பார்க்க எங்களுக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

இதில் விந்தை ஒன்று உண்டு. புளோரைடின் நன்மை கண்டறியப்பட்டதே கறை படிந்த பற்களால்தான். அமெரிக்காவின் கொலராடோவில் 1901இல் தொழில் தொடங்கிய மெக்கே என்ற பல் மருத்துவர், அவ்வூராரின் பழுப்புப் பற்கள் எளிதில் சொத்தையாவதில்லை என்று கண்டார். காரணம் தண்ணீரில் உள்ள புளோரைடு என்பது 1931இல் தெளிவாயிற்று. கறை படியாத அளவில் பல்லை மட்டும் காப்பது எப்படி என்னும் தேடலே பின்னர் பற்பசையில் வந்து நின்றது. 2021இல் உலக நல நிறுவனம் புளோரைடு பற்பசையை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

புளோரைடு பிள்ளைகளின் அறிவை மழுங்கச் செய்யும் என்று கைபேசியில் செய்தி வருகிறதே என்று எங்கள் பங்கில் ஒரு தாய் கேட்டார். அமெரிக்க அரசின் நச்சியல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைடுள்ள நீரை அருந்துவதற்கும் பிள்ளைகளின் அறிவுத்திறன் குறைவதற்கும் தொடர்பு உண்டு என்று கூறப்பட்டிருப்பது மெய்யே. அது குடிநீரைப் பற்றியது. உமிழும் பசையைப் பற்றியதன்று. எனவே அஞ்ச வேண்டுவது ஆழ்கிணற்றை. நம் பகுதி மணற்கல் நிலம், தர்மபுரியைப் போன்ற பாறை நிலம் அன்று. ஆயினும் நாங்கள் எங்கள் குழாய்க் கிணற்று நீரைக் குடிநீர் வாரிய ஆய்வுக்கூடத்தில் சோதிக்கக் கொடுத்துவிட்டே அமைதி அடைந்தோம். நீரில் புளோரைடு மிகுந்த ஊரில் வாழ்வோர், சிறு பிள்ளைக்கு எந்தப் பசை என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

விளம்பரப் படங்களில் துலக்கியின் நீளத்துக்கும் பாம்புபோல் பசையைப் பிதுக்கிக் காட்டுகிறார்களே, அதனைக் கண்டால் எங்களுக்குக் கோபம் வருகிறது. மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு, அதன்மேல் ஆறு வயதுவரை பட்டாணியளவு போதும். பழச்சுவைப் பசையைப் பிள்ளைகள் தின்பண்டமாக எண்ணித் தின்பார்கள். குழாய் அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. தவறி மிகுதியாக விழுங்கிவிட்டால் பால் கொடுத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இரவில் படுக்குமுன் சர்க்கரை கலந்த பால் கொடுத்துத் தூங்க வைத்ததும் எங்கள் பிழைகளுள் ஒன்று. பசை அதற்கெல்லாம் ஈடு செய்யாது.

பற்கள் நொறுக்கப்பட்டு, 249ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவில் மறைசாட்சியாய் இறந்த புனித அப்பொலோனியா, பல்வலியால் துன்புறுவோரின் பாதுகாவலி. பிப்ரவரி 9ஆம் நாள் அவருடைய திருநாள். பேத்தியின் பற்கள் எடுக்கப்பட்ட வாரத்தில் அத்திருநாள் வந்தது; அவள் அறியாமல் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தோம்.

நிலைத்த பல்லுக்கு மருத்துவர் புளோரைடுப் பூச்சு தடவினார். ஆறு மாதம் கழித்துக் காட்டியபோது வெண்புள்ளி பரவவில்லை; மேற்பரப்பு இறுகியிருக்கிறது என்றார். புதுநன்மைப் புகைப்படத்தில் பேத்தி வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள், எடுத்த பற்களின் இடைவெளி தெரியக்கூடாதாம்.

இப்போது வீட்டில் பற்பசை வாங்குவது மருமகள். வாங்கி வந்ததும், பொடி எழுத்தைப் படிப்பதற்காக, முதலில் எங்களிடம்தான் தருகிறாள்.